லூபஸ் உள்ள தோழிக்கு இன்று என்ன தொல்லை? அறிகுறியிலிருந்து காரணத்துக்குப் போகும் வழி

என் தோழிக்கு லூபஸ்; உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் உடம்பையே தாக்கும் நோய் அது. இருவரும் ஒரே வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். மருந்துச் சீட்டு டாக்டரின் பொறுப்பு. அடுப்பு, குடை, ஒரு நோட்டுப் புத்தகம் ஆகிய மூன்றும் என் பொறுப்பு. அதே தொல்லைகள் சுற்றிச் சுற்றி வருவதால், எது வந்தால் முதலில் எங்கே பார்ப்பது என்று ஒரு வரிசை கைக்குப் பழகிவிட்டது. காசு செலவில்லாத காரணத்தை முதலில் பார்ப்போம். பரிசோதனை தேவைப்படுவதைப் பிறகு பார்ப்போம்.

நோட்டில் தினமும் எழுதுவது: தூங்கிய நேரம், வெயிலில் இருந்த நேரம், மாத்திரை போட்டதற்கு ஒரு டிக், காலை எடை, புதிதாக வாயில் போட்டது எதுவானாலும் அது. கடைசியாகச் சொன்னதில் பக்கத்து வீட்டு அத்தை கொடுத்த லேகியமும் அடக்கம். இந்த நோட்டு இல்லாமல் கீழே உள்ள எதையும் சரியாகப் பார்க்க முடியாது.

## இவற்றில் ஒன்று வந்தாலும் வரிசை பார்க்க வேண்டாம், 108

- நெஞ்சு வலி, மூச்சுத் திணறல். "வாயுப் பிடிப்பு" என்று பெருங்காயத் தண்ணீர் கொடுத்து உட்கார வைக்காதீர்கள். லூபஸ் உள்ள பெண்களுக்கு இளம் வயதிலேயே மாரடைப்பு வரக்கூடும்.
- வலிப்பு, பேச்சுக் குளறல், முகம் ஒரு பக்கம் இழுத்தல், ஆள் தெரியாமல் பேசுதல்.
- ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்காலில் வலி. இரத்தக் கட்டியாக இருக்கலாம்.
- ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர் வாந்தியால் மாத்திரையை உள்ளே தக்கவைக்க முடியாமல் தலைசுற்றிச் சாய்வது.

## காலையில் எழவே முடியாத களைப்பு

இதுதான் அடிக்கடி வருவது. வெளியில் இருப்பவர்களுக்குப் புரியாததும் இதுதான். "நன்றாகத்தானே இருக்கிறாய்" என்று கேட்கிற உறவினரை முதலில் வாசலோடு அனுப்பிவிட வேண்டும்.

இரவு தூங்கினாளா? ஸ்டீராய்டு மாத்திரையை மாலையில் போட்டால் தூக்கம் கெடும். பொதுவாக அது காலை உணவுக்குப் பின் போடவேண்டியது. நேரம் தவறிப் போடுகிறாளா என்று நோட்டில் பாருங்கள்.

முந்தின நாள் என்ன செய்தாள்? உடம்பு நன்றாக இருந்த ஒரு நாளில் வீடு முழுக்கத் துடைத்து, துணி துவைத்து, மாலையில் கடைக்கும் போய்வந்தால் அடுத்த இரண்டு நாள் படுக்கைதான். வேலையைப் பங்கு பிரிப்பதுதான் இதற்கு மருந்து. காய் நறுக்குவதை உட்கார்ந்து செய்யட்டும்; மாவாட்டுவதும் குடம் தூக்குவதும் உங்களுடையவை.

நடக்கிறாளா? முரணாகத் தோன்றும், ஆனால் முழு ஓய்வு களைப்பைக் கூட்டும். சூரியன் இறங்கியபின் பத்து நிமிட நடை, சில நாள் கழித்து பன்னிரண்டு, பதினைந்து என்று ஏற்றலாம். கூடவே நீங்களும் நடங்கள். தனியாக அனுப்பினால் மூன்றாம் நாள் நின்றுவிடும்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் இரண்டு வாரம் தாண்டினால் இரத்தப் பரிசோதனை: ஹீமோகுளோபின், தைராய்டு, வைட்டமின் டி. வெயிலை ஒதுக்கி வாழ்கிறவர்களுக்கு வைட்டமின் டி குறைவது சாதாரணம். தைராய்டு சுரப்பு குறைவதும் லூபஸோடு அடிக்கடி சேர்ந்தே வரும். இரண்டுக்கும் மாத்திரை உண்டு. இவற்றை விட்டுவிட்டு லூபஸ் மருந்தைக் கூட்டுவதில் பயனில்லை.

## கன்னம் சிவக்கிறது, தோலில் தடிப்பு வருகிறது

வெயில். இன்றைய வெயிலை மட்டும் பார்க்காதீர்கள். நோட்டில் இரண்டு மூன்று வாரம் பின்னால் போங்கள். சிலருக்குத் தடிப்பு அவ்வளவு தாமதமாகவும் வரும். கோயில் திருவிழா, பந்தல் இல்லாத கல்யாண ஊர்வலம், இருசக்கர வண்டியில் மதியப் பயணம் ஆகியவை வழக்கமான குற்றவாளிகள். பஸ்ஸிலும் ரயிலிலும் மூடிய கண்ணாடி ஜன்னலோரம் உட்கார்ந்தாலும் கதிரின் ஒரு பகுதி (யூ.வி.ஏ.) உள்ளே வரும். நிழல் விழும் பக்கமாகப் பார்த்து இடம் பிடித்துக் கொடுங்கள்.

சன்ஸ்கிரீன் பூசுகிறாள் என்றால் எவ்வளவு என்று பாருங்கள். முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்க வேண்டும், எஸ்.பி.எஃப். 30க்குக் குறையக் கூடாது, 50 என்றால் நல்லது. வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி. பட்டாணி அளவு தடவிவிட்டு "பூசினேனே" என்பது கணக்கில் வராது. காதுமடலும் புறங்கையும் எப்போதும் மறந்துபோகும் இடங்கள்.

விட்டுப்போன மாத்திரை. லூபஸுக்கு வழக்கமாகத் தரும் ஹைட்ராக்சிகுளோரோகுவின் உடம்பில் மெல்ல ஏறி மெல்ல இறங்கும். போன மாதம் ஊருக்குப் போனபோது விட்ட மாத்திரைகளின் பலன் இந்த மாதம் தெரியலாம். டிக் இல்லாத நாட்களை எண்ணுங்கள். அவள் புகைபிடிப்பவளாக இருந்தால் இந்த மருந்தின் பலனே குறையும் என்பதையும் சொல்லி வையுங்கள்.

முகத்தில் புதிதாகப் பூசியது. மருந்துக் கடையில் சீட்டில்லாமல் கிடைக்கும் சிவப்பழகு கிரீம்கள் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது. பூசும்போது பளபளக்கும், நிறுத்தினால் முகம் தீயாய்ச் சிவக்கும். டியூபை எடுத்துச் சேர்மானத்தைப் படியுங்கள்.

கத்திரிக்காய் கரப்பான் என்று சொல்லிச் சாப்பாட்டிலிருந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டே போகிறவர்கள் உண்டு. கத்திரிக்காயோ தக்காளியோ பூண்டு ரசமோ லூபஸைக் கிளப்பும் என்பதற்கு உறுதியான ஆதாரம் கிடையாது. உண்மையில் தவிர்க்க வேண்டியது யாரும் சந்தேகப்படாத ஒன்று: ஆல்ஃபால்ஃபா என்கிற குதிரைமசால். அதன் முளைகட்டிய விதையிலும் மாத்திரையிலும் எல்-கனவானைன் என்ற பொருள் இருக்கிறது. அது லூபஸைக் கிளப்பக்கூடும். 'பச்சைச் சத்து' என்ற பெயரில் விற்கும் பொடி டப்பாக்களில் இது கலந்திருக்கலாம்.

தடிப்பு கொப்புளமாக மாறினால், வடு விழுந்தால், தலையில் வட்டவட்டமாக முடி கொட்டினால் தோல் மருத்துவரிடம் போக வேண்டும். வடு விழுந்த இடத்தில் முடி மறுபடி முளைக்காது. எண்ணெய் மாற்றிப் பார்த்துக் காலம் கடத்த வேண்டாம்.

## மூட்டு வலி

காலையில் விரல் மடங்கவில்லை, டம்ளரைப் பிடிக்க முடியவில்லை என்றால் வெதுவெதுப்பான நீரில் கையைப் பத்து நிமிடம் வைத்து, விரல்களை மெல்ல மடக்கி நீட்டச் சொல்லுங்கள். அரை மணிக்குள் சரியானால் நோட்டில் எழுதிவிட்டு அன்றைய வேலையைக் குறைத்தால் போதும். ஒரு மணிக்கு மேல் இறுக்கம் நீடித்து, மூட்டு வீங்கிச் சூடாக இருந்து, இப்படி மூன்று நான்கு நாள் தொடர்ந்தால் டாக்டருக்குப் போன்.

இங்கே உங்கள் முக்கிய வேலை, மருந்துக் கடை வலி மாத்திரையைத் தடுப்பது. டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் போன்றவை சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியவை. லூபஸ் ஏற்கெனவே குறிவைக்கும் உறுப்பு அது.

இன்னொன்று. ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர் தொடை இடுக்கில் வலி என்றால், சம்மணம் போட முடியவில்லை என்றால், அது சாதாரண மூட்டு வலி அல்ல. இடுப்பு எலும்பின் பந்துக்கு இரத்த ஓட்டம் குறைந்து எலும்பு நசியத் தொடங்கியிருக்கலாம். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாது, எம்.ஆர்.ஐ. தேவைப்படும். செலவுதான், ஆனால் தாமதித்தால் இடுப்பு மூட்டையே மாற்ற வேண்டிவரும். எலும்பு டாக்டரிடம் போனாலும், லூபஸைப் பார்க்கும் ருமட்டாலஜி (வாதநோய்) மருத்துவருக்கும் அன்றே தெரிவித்துவிடுங்கள்.

## முகம் உப்பியிருக்கிறது, கால் வீங்கியிருக்கிறது

எதையும் படிக்க நேரமில்லாதவர்கள் இந்தப் பகுதியை மட்டுமாவது படியுங்கள். சிறுநீரகம் பாதிக்கப்படும்போது பெரும்பாலும் வலி இருக்காது. இடுப்பு வலித்தால்தான் கிட்னி என்று நம்பிக் காத்திருப்பவர்கள் ஏமாந்துபோவார்கள்.

முதலில் எந்த வகை வீக்கம் என்று பிரிக்க வேண்டும். கணுக்காலுக்கு மேலே எலும்பின் மீது கட்டைவிரலால் பத்து விநாடி அழுத்தி எடுங்கள்.

குழி விழவில்லை, கன்னம் மட்டும் உருண்டிருக்கிறது. ஸ்டீராய்டு முகம். வாரக்கணக்கில் மெல்ல வந்திருக்கும், பிடரியிலும் சதை போட்டிருக்கும். மருந்தின் அளவு இறங்கும்போது இதுவும் இறங்கும். இதற்காக அவளே மாத்திரையைக் குறைக்கக் கூடாது. புகைப்படம் எடுக்க வற்புறுத்தாமல் இருங்கள், அது போதும்.

இரண்டு காலிலும் குழி விழுகிறது. இப்போது வரிசையாகப் பாருங்கள்.

1. இரத்த அழுத்தத்துக்குப் புதிதாக அம்லோடிபின் தொடங்கினார்களா? அந்த மாத்திரையே கணுக்காலை வீங்க வைக்கும். மருத்துவரிடம் சொன்னால் மாற்றித் தருவார்.
2. உப்பு. ஒரு நாளைக்கு மொத்தம் 5 கிராமுக்குள், அதாவது சுமார் ஒரு தேக்கரண்டி. சாம்பாரில் போடுவதைக் குறைத்துவிட்டு, பக்கத்தில் ஊறுகாயும் அப்பளமும் மோர் மிளகாயும் வைத்தால் கணக்கு எங்கே நிற்கும்? கருவாடு, வடகம், பாக்கெட் நொறுக்குத் தீனி, உடனடி நூடுல்ஸ், ஓட்டல் சால்னா எல்லாம் இதில் சேரும். எங்கள் வீட்டில் புளியையும் மிளகையும் எலுமிச்சையையும் கூட்டி, உப்பைக் குறைத்தோம். முதல் இரண்டு வாரம் நாக்கு முரண்டு பிடிக்கும், பிறகு பழகிவிடும். கடையில் விற்கும் 'குறைந்த சோடியம்' உப்பை நீங்களாக வாங்க வேண்டாம். அதில் பொட்டாசியம் இருக்கும், சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு அது ஆபத்து. தினம் இளநீர் குடிப்பதற்கும் அதே எச்சரிக்கை.
3. காலையில் கண்ணிமை வீங்கியிருக்கிறதா? சிறுநீரில் நுரை வந்து, சில நிமிடம் ஆகியும் அடங்காமல் நிற்கிறதா? நிறம் தேநீர் போல மாறியிருக்கிறதா? ஒன்றுக்கு 'ஆம்' என்றாலும் அந்த வாரத்துக்குள் சிறுநீர்ப் பரிசோதனை. அதில் புரதமும் கிரியாட்டினினும் (சிறுநீரகம் வெளியேற்றும் ஒரு கழிவு) எந்த விகிதத்தில் இருக்கின்றன என்று கேட்டு வாங்குங்கள். புரதம் ஒரு நாளைக்கு 500 மி.கி. அளவுக்கு ஒழுகுகிறது என்று தெரிந்தால் டாக்டர்கள் சிறுநீரகத்திலிருந்து சிறு துண்டு எடுத்துப் பரிசோதிப்பதைப் பற்றிப் பேசுவார்கள். பெயரைக் கேட்டால் பயம் வரும். எந்த மருந்து எவ்வளவு என்று தீர்மானிப்பது அந்த அறிக்கையை வைத்துத்தான்.
4. வீட்டில் இரத்த அழுத்தக் கருவி இருந்தால், உட்கார்ந்து ஐந்து நிமிடம் கழித்து அளந்து பாருங்கள். இரண்டு முறை 140/90ஐத் தாண்டினால் அன்றே போன்.

எடை இரண்டு மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் அது சதை அல்ல, நீர். சிறுநீர் குறைந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம்.

இந்த இடத்தில் யாராவது சிறுநெருஞ்சில் கஷாயமும் வாழைத்தண்டுச் சாறும் கொண்டுவருவார்கள். சிறுநீரகக் கல்லுக்குச் சொல்லப்படும் வைத்தியத்தை இங்கே கொண்டுவந்து பொருத்துகிறார்கள். நன்றி சொல்லி வாங்கி, ஓரமாக வைத்துவிடுங்கள். பருப்பையும் முட்டையையும் முழுக்க நிறுத்துவதும் கூடாது. எவ்வளவு புரதம் என்பதை மருத்துவமனையின் உணவியல் நிபுணர் கிரியாட்டினின் அளவைப் பார்த்துச் சொல்லட்டும்.

## காய்ச்சல்

லூபஸும் காய்ச்சலைத் தரும், கிருமியும் தரும். வீட்டில் இருந்துகொண்டு பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. அதனால் விதி ஒன்றுதான்: நோய் எதிர்ப்பை அடக்கும் மருந்து சாப்பிடுகிறவருக்கு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் வந்தால் அன்றே டாக்டர். ஸ்டீராய்டு காய்ச்சலை மறைக்கும் என்பதால், சூடு குறைவாக இருந்தாலும் நடுக்கமும் சோர்வும் இருந்தால் அதையும் காய்ச்சலாகவே எடுத்துக்கொள்ளுங்கள். பாராசிட்டமால் கொடுக்கும் முன் அளந்து எழுதுங்கள்.

போவதற்குள் பார்த்து வைக்க வேண்டியவை: சிறுநீர் எரிச்சல், இருமல், ஆறாத புண், கொசுக்கடிக் காலமா என்பது. உடம்பின் ஒரு பக்கம் பட்டையாகக் கொப்புளம் வந்தால் அது அக்கி. காவி குழைத்து எழுதுகிறவரைத் தேடிப் போகாமல் டாக்டரிடம் போங்கள். வைரஸ் மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. வீட்டில் யாருக்காவது அம்மை போட்டிருந்தால், வேப்பிலை கட்டுவதோடு தோழியை வேறு வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அவளுக்கு ஒன்றும் இல்லாவிட்டாலும் டாக்டருக்குத் தெரிவியுங்கள்.

சாப்பாட்டில் கவனம்: கொதித்து ஆறிய தண்ணீர், காய்ச்சிய பால், முழுக்க வெந்த முட்டை. தெருக்கடைச் சட்னியும் நறுக்கி வைத்த பழமும் வேண்டாம்.

புதிய டாக்டர் ஆன்டிபயாட்டிக் எழுதினால் "இவருக்கு லூபஸ்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சல்ஃபா வகை மருந்துகள் லூபஸ் உள்ளவர்களுக்கு ஒவ்வாமையைத் தரலாம், நோயையும் கிளப்பலாம்.

## வாய்ப்புண், வயிற்றெரிச்சல்

வெறும் வயிற்றில் மாத்திரை போட்டாளா என்பது முதல் கேள்வி. ஹைட்ராக்சிகுளோரோகுவினும் ஸ்டீராய்டும் சாப்பாட்டோடு போடவேண்டியவை. அமில எரிச்சலுக்கு ஜெல் மருந்து குடித்தால் ஹைட்ராக்சிகுளோரோகுவினுக்கும் அதற்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும்.

வாய்ப்புண் வந்த நாட்களில் குழைந்த சாதம், தயிர், இட்லி, ஆறவைத்த கஞ்சி. உப்பு நீர் கொப்பளிப்பு. காரத்துக்கு விடுமுறை.

நோய் எதிர்ப்பை அடக்கும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரையை அவள் சாப்பிடுகிறாள் என்றால் உடனே அட்டையை எடுத்து எண்ணுங்கள். அது வாரத்துக்கு ஒருமுறை மட்டும் போடும் மருந்து. தவறித் தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. வாயெல்லாம் புண்ணாவது அதன் முதல் அடையாளமாக இருக்கலாம். எண்ணிக்கை உதைத்தால் அடுத்த மாத்திரையை நிறுத்தி, அப்போதே மருத்துவமனை. எண்ணிக்கை சரி என்றால், கூடப் போடவேண்டிய ஃபோலிக் அமிலம் விட்டுப்போயிருக்கிறதா என்று பாருங்கள்.

## ஓயாத பசி

ஸ்டீராய்டின் வேலை இது. "இவ்வளவு சாப்பிடுகிறாயே" என்ற சொல் வாயில் வரக் கூடாது. பசி பொய்யல்ல, பசிக்கு எதைக் கையில் கொடுக்கிறோம் என்பதுதான் கேள்வி. சுண்டல், வெள்ளரிக்காய், கொய்யா, மோர் எட்டும் இடத்தில் இருக்கட்டும். முறுக்கு டப்பா மேல் தட்டுக்குப் போகட்டும். சிறுநீரகப் பாதிப்பு இருந்தால் இந்தப் பட்டியலையும் உணவியல் நிபுணரிடம் காட்டுங்கள்.

ஸ்டீராய்டு எலும்பையும் கரைக்கும். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மி.கி. கால்சியம் இருக்கிறது. முள்ளோடு சாப்பிடும் நெத்திலி, எள், தயிர் ஆகியவையும் கைகொடுக்கும். மத்தி மீன் குழம்பு வாரம் இரண்டு நாள் இருந்தால் நல்ல கொழுப்பும் கிடைக்கும். தாகம் அதிகமாகி, இரவில் பலமுறை சிறுநீர் கழிக்க எழுந்தால் சர்க்கரையைச் சோதியுங்கள்.

## விரல் வெளுத்து நீலமாகிறது

குளிர். ஏசி காற்று நேராகப் படும் இடம், ஃப்ரிட்ஜில் கைவிட்டு எடுப்பது, பனிக்காலத்தில் பாத்திரம் தேய்ப்பது. கையைச் சூடாக்குங்கள், பாத்திரத்தை நீங்கள் தேயுங்கள். விரல் நுனியில் புண் அல்லது கறுப்பு தெரிந்தால் டாக்டர்.

## ஆளே சரியில்லை

பேச்சில்லை, போன் எடுப்பதில்லை. காரணம் வலியாக இருக்கலாம், மாறிப்போன முகமாக இருக்கலாம், வேலை போய்விடுமோ என்ற கவலையாக இருக்கலாம். அறிவுரை வேண்டாம். ரசம் வைத்து எடுத்துக்கொண்டு போய் உட்காருங்கள். இரண்டு வாரம் நீண்டால் மனநல உதவி: 14416, டெலி மானஸ், கட்டணமில்லை. சாக வேண்டும் என்று பேசினால் தனியாக விடாமல் அன்றே அழைத்துப் போங்கள்.

ஸ்டீராய்டின் அளவைக் கூட்டியபின் இரவெல்லாம் விழித்து அலமாரி அடுக்குவது, நிறுத்தாமல் பேசுவது, இல்லாத குரல் கேட்பது என்றால் அது வேறு. மருந்தாலும் இருக்கலாம், மூளையை லூபஸ் தொட்டதாலும் இருக்கலாம். அன்றே மருத்துவமனை.

## "மாத்திரையை நிறுத்திவிட்டேன்" என்கிறாள்

திட்டினால் அடுத்த முறை உங்களிடம் சொல்ல மாட்டாள். ஏன் என்று கேளுங்கள். பெரும்பாலும் இவற்றில் ஒன்றாக இருக்கும்.

காசு இல்லை. அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் இதற்கென்றே வாதநோய்ப் பிரிவு இருக்கிறது.

கண் போய்விடும் என்று யாரோ சொன்னார்கள். ஹைட்ராக்சிகுளோரோகுவின் அளவு நாளைக்கு, உடல் எடை கிலோவுக்கு 5 மி.கி.க்குள் இருந்தால் ஆபத்து குறைவு. தொடக்கத்தில் ஒரு கண் பரிசோதனை, பொதுவாக ஐந்து ஆண்டுக்குப் பின் ஆண்டுதோறும் ஒன்று. தேதியை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெண் பார்க்க வருகிறார்கள், அல்லது குழந்தை வேண்டும். மறைத்துச் செய்யும் கல்யாணத்தில் முதலில் மறைவது மாத்திரை டப்பாதான். கர்ப்பத்திலும் தொடர வேண்டிய மருந்து உண்டு, ஹைட்ராக்சிகுளோரோகுவின் அப்படித்தான். நோய் எதிர்ப்பை அடக்கும் மைகோஃபெனோலேட், மெத்தோட்ரெக்சேட் போல முன்னதாகவே மாற்ற வேண்டியவையும் உண்டு. நோய் ஆறு மாதமாவது அடங்கியிருந்தபின் கருத்தரிப்பது நல்லது. அதனால் இந்தப் பேச்சு டாக்டரிடம் முன்கூட்டியே நடக்க வேண்டும்.

நாட்டு மருந்தில் குணமாகும் என்றார்கள். எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் மருந்து லூபஸில் எரிகிற தீயில் எண்ணெய். சீந்தில் பொடி சாப்பிட்டுக் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றிக் கொரோனா காலத்தில் இந்திய மருத்துவர்களே எழுதினார்கள். அவர்களில் சிலருக்குத் தன்னுடல் தாக்கு நோய் இருந்தது. பெயரில்லாத பொடியில் ஸ்டீராய்டோ உலோகமோ கலந்திருக்கவும் கூடும். பொட்டலத்தை அப்படியே டாக்டரிடம் எடுத்துப் போங்கள்.

எதை நிறுத்தினாள் என்பதையும் கேளுங்கள். ஹைட்ராக்சிகுளோரோகுவின் என்றால் இன்று மறுபடி தொடங்கி, நாளை டாக்டருக்குச் சொல்லலாம். வாரக்கணக்கில் சாப்பிட்ட ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்தியிருந்தால், அவள் எவ்வளவு நலமாகத் தெரிந்தாலும் இன்றே டாக்டரைக் கூப்பிடுங்கள். உடம்பு தன் சொந்தச் சுரப்பை மறந்திருக்கும்.

அவள் பர்ஸில் ஒரு சீட்டு எழுதி வையுங்கள்: லூபஸ், மருந்துகளின் பெயரும் அளவும், "ஸ்டீராய்டு சாப்பிடுகிறார், நிறுத்தக் கூடாது" என்ற வரி, ஒவ்வாமைகள், டாக்டர் எண், உங்கள் எண். அளவு மாறும் ஒவ்வொரு முறையும் பழைய சீட்டைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதுங்கள்.